செம்பு மட்டும் போட்ட குழி

மகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று ரெங்கசாமி போர்ட் கிள்ளான் லோரிக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். குமுதா தடுத்துப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை.

அவள் வீட்டில் சொன்னது வேறு. செம்பு அணு ஒன்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறை அவளே வடிவமைத்துக் கட்டியிருந்தாள். அந்தச் சேர்மம் சோதனைக் குழாயில் டிஎன்ஏ வளையத்தை வெட்டியது. புற்றுநோய்க்கு மருந்து தேடுபவர்கள் பார்க்கும் முதல் படிகளில் அது ஒன்று. அவ்வளவுதான்.

அதிலும் ஓர் ஓட்டை. வெறும் செம்பு உப்பேகூட டிஎன்ஏவை வெட்டலாம். அதைத் தனியாகப் போட்டுப் பார்க்க அவள் மறந்திருந்தாள். பேராசிரியரும் கவனிக்காமல் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார்.

உப்பைத் தனியாகப் போட்டுப் பார்க்கப் போகிறேன் என்றாள். கூட வேலை செய்யும் ஐவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "நல்லா வந்த ரிசல்ட்ட நீயே போய் நோண்டுறியா? சும்மா விடு லா."

உப்பும் அதே மாதிரி வெட்டினால், அவள் மூன்று வருடம் மாரடித்தது கடையில் வாங்கிய உப்புக்குச் சமம். ஆனால் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. எது வெட்டியது என்று தெரியாமல் பெயர் போட மனம் வரவில்லை.

மறுநாள், மின்சாரத்தில் டிஎன்ஏவை ஓடவிட்டுப் பிரிக்கும் ஜெல்லில் ஒரு குழியில் டிஎன்ஏவை மட்டும் விட்டாள். அடுத்ததில் டிஎன்ஏவோடு செம்பு உப்பு, அதற்கடுத்து செம்பில்லாத மூலக்கூறு, கடைசியில் தன் சேர்மம். மின்சாரம் ஓடி முடியும்வரை சாப்பிடக்கூடப் போகவில்லை.

புற ஊதா ஒளியில் கோடுகள் தெரிந்தன. வெட்டுப்படாத டிஎன்ஏ இறுக்கமாக முறுக்கிக் கிடப்பதால் வேகமாக ஓடும். முதல் மூன்று குழிகளிலிருந்தும் அது ஒன்றுபோல் கீழே ஓடியிருந்தது. அவளுடைய குழியில் மட்டும் வெட்டுப்பட்டு, மேலேயே தங்கிவிட்டது.

ஐவன் கோடுகளைக் குனிந்து பார்த்தான். அவனே மறுபடி ஒருமுறை ஓட்டினான். அதேதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு லோரிக்காரர்கள் கூடும் கடைக்குப் போனாள். அப்பாவின் கூட்டாளி லோகன் காத்திருந்தவர்போல் ஆரம்பித்தார். "மருந்து எப்ப கடைக்கு வருது, டாக்டரம்மா?"

"மருந்து இல்ல அங்கிள். ஆகுமான்னே தெரியாது. குழாய்க்குள்ள டிஎன்ஏவ வெட்டுது, அவ்வளவுதான்."

"என்ன ரெங்கா, நல்லா அளந்திருக்க போல?"

ரெங்கசாமி தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஆனா வெட்டுறது நான் கட்டினது, அங்கிள்," என்றாள் குமுதா. "வெறும் செம்பு வெட்டல. தனியா போட்டுப் பார்த்துட்டேன்."

ரெங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டுக்கடா. வெறும் செம்பு வெட்டலயாம். எம்மக கட்டினதுதான் வெட்டுதாம்." பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. அவர்களுக்கும் ஒருமுறை சொன்னார்.

இந்தத் தடவை குமுதா அவரைத் தடுக்கவில்லை.