அப்பாவின் காதுக்கு வைத்த சத்தம்

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். படித்தது கணினி. ஆனால் எதிர்ப்பேச்சு பேசாமல் இவளால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்று சொல்லி அப்பா வைத்த பெயர் அது. அப்படிப்பட்டவள், அப்பாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்ததிலிருந்து அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதான் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி.

அண்ணனோ துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். அப்பா பிழைக்காமல் போன அந்த ஆபரேஷனுக்கு முன்னால், வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசும்போது, கிளம்பி வரவா என்று அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டானாம். சரி சரி, நீ வேலையைப் பார் என்றுவிட்டாராம். சொல்லி முடித்துவிட்டு, "என் மேல அப்படி என்ன கோவம் அவருக்கு?" என்பான்.

கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளம்பி வா என்று அவள் செய்தி அனுப்பியபோதும் இதே பதில்தான் வந்தது. வர மனசில்லாதவன், வாய் திறக்க முடியாத மனுஷன் தலையில் பழியைப் போடுகிறான் என்றே நினைத்தாள்.

அப்பா நூல் ஆலையில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. வலது காது சுத்தமாகப் போச்சு. இடது காதில் தடித்த சத்தம் மட்டும் விழும். பேச்சைப் பேச்சாக்குகிற கூர்மையான சத்தம் எதுவும் ஏறாது. ஒருவர் பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தால் வாயசைவைப் பார்த்துச் சமாளிப்பார். அதுவும் முடியாதபோது இருக்கவே இருக்கிறது, சரி சரி. வெளியே தெரிந்தால் ஆலையில் கழித்துக்கட்டிவிடுவார்கள் என்று மூச்சுவிடவில்லை. பெரியவனிடம் மட்டும் சொல்லவே கூடாது என்று வீட்டிலும் உத்தரவு. மகன் முன்னால் குறையோடு நிற்க அவருக்கு ஆகாது. வக்கீல் வாதாடாமல் ஒப்புக்கொண்ட ஒரே வழக்கு அதுதான்.

அதற்குப் பதிலாக அவள் ஒரு காரியம் செய்தாள். அப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, அண்ணன் எப்போதோ அனுப்பிய வீடியோவை ஓடவிட்டு, மிக்ஸரைத் திறந்தாள். சத்தத்தைப் பிரித்துப் பிரித்துக் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள் திரையில் வரிசையாக நிற்கும். எல்லாச் சத்தத்தையும் இடது பக்கம் தள்ளினாள். கூர்மையானதை ஒவ்வொன்றாக ஏற்றி, இப்ப, இப்ப என்று கேட்டுக்கொண்டே போனாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் ஆட்டுவதை நிறுத்தினார்.

"அவன் இருமுறது கேக்குது" என்றார்.

அந்த அளவுகளை அப்படியே சேமித்தாள். அப்பா எதையும் தொட வேண்டாம் என்று இன்னொன்றும் செய்தாள்: கம்ப்யூட்டரை அணைக்கும்போது மிக்ஸர் எப்படி இருக்கிறதோ அப்படியே அது சேமித்துக்கொள்ளும், மறுபடி போடும்போது அப்படியே கொண்டுவந்து நிறுத்தும். அப்பாவுக்குப் பொத்தானை அமுக்கத் தெரிந்தால் போதும். நல்ல காது உள்ளவர்களுக்கு அது தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு வேறு ஊரில் வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். அண்ணன் கூப்பிடும் நேரத்தில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. மகனும் அப்பாவும் தனியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

சட்டம் போட்டு மாட்ட அப்பாவின் போட்டோ ஒன்று வேண்டும் என்று இப்போது அண்ணனிடமிருந்து அம்மா வழியாகத் தபால் வந்தது. அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். தேடும்போது கை பட்டு அந்தப் பழைய வீடியோ ஓட ஆரம்பித்தது. அண்ணனின் குரல் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது, இரண்டு பக்கமும் சமமாக. அவள் கை அப்படியே நின்றது. இந்தக் கம்ப்யூட்டரில் இப்படிக் கேட்கக் கூடாதே.

மிக்ஸரைத் திறந்தாள். குமிழ்கள் எல்லாம் நட்ட நடுவில், கயிறு கட்டி நிறுத்தியதுபோல ஒரே கோட்டில் இருந்தன.

அம்மா அடுத்த அறையில் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். இதை யார் தொட்டது என்று கேட்டதற்கு, தலை நிமிராமல் சொன்னாள்.

"பெரியவன்தான், போன லீவுல. சத்தம் காதக் கிழிக்குது, இதுல எப்படிப்பா பேசறீங்கன்னு எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்தான். அவன் போனப்புறம் உங்கப்பா காது இன்னும் மோசமாயிடுச்சு. உன்கிட்ட சொல்லாதன்னார். வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவாளாம்."

அவள் எழுந்து நேரே முன்னறைக்குப் போனாள். இத்தனை நாள் மென்று விழுங்கிய கோபத்துக்கு இப்போது கையில் ஆயுதம் கிடைத்திருந்தது. அண்ணன் அப்பாவின் நாற்காலியில் உட்காராமல், அதன் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"வக்கீலே, நீயாவது சொல்லு. ஏன் என்னை வேணாம்னார்?"

நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அப்பாவுக்குக் கோபமில்லை என்று தெரிந்து ஆறுதல் அடைவான். அந்தக் காதை அடைத்தது தன் கைதான் என்று தெரிந்து செத்தும் போவான். ஒன்றை மட்டும் சொல்ல வழியில்லை. அவள் வாழ்க்கையில் இதுவரை முகத்தில் அடித்தாற்போலத்தான் எதையும் சொல்லியிருக்கிறாள்.

"உன்னை வேணாம்னு சொல்லல. நீ கேட்டதே அவருக்குக் கேக்கல" என்றாள்.

காதைப் பற்றி, ஆலையைப் பற்றி, உத்தரவைப் பற்றி எல்லாம் சொன்னாள். அவருக்காக வைத்த சத்தத்தைப் பற்றியும் சொன்னாள்.

"அப்ப அது என்ன ஆச்சு?"

"நான்தான். ஒரு தடவ வந்தப்ப கை தவறி மாத்தி சேமிச்சிட்டேன்."

அடுத்த அறையில் அம்மாவின் கை நின்றது. வாசல்வரை வந்து மகளைப் பார்த்தாள். திரும்பிப் போய் அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள்.

அண்ணன் பொரிந்து தள்ளிவிட்டான். இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கவைத்தது இதற்குத்தானா, ஒரு தடவை சரிபார்க்கக் கூடாதா, அந்த மனுஷன் தனியாகப் படுத்திருந்தாரே என்றான். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. சுவரில் சாய்ந்து நின்றபடி வாங்கிக்கொண்டாள். கத்தி ஓய்ந்தபின் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் இப்போது இருக்கிறதா என்று கேட்டான்.

அவளுடைய பென் டிரைவில் ஒரு பிரதி இருந்தது. யோசிக்கவில்லை, கைக்கு ஒரு வேலை கிடைத்ததே பெரிது என்று போய்ச் செருகினாள். மீட்டெடு என்று சொடுக்கியதும் குமிழ்கள் ஒவ்வொன்றும் தாவித் தன் பழைய இடத்தில் போய் நின்றன. அண்ணன் ஹெட்போனை மாட்டினான். அவள் வீடியோவை ஓடவிட்டாள்.

அவன் முகம் சுளித்தது. வலது கை தானாக மௌசை நோக்கி நகர்ந்தது, குமிழ்களைக் கீழே இறக்க. பாதியில் நின்றுவிட்டது.

"இந்த சத்தம்..." என்றான். "இது போன லீவுல நான் திரும்பிப் போறதுக்கு முந்தி..."

முடிக்கவில்லை. அவளைப் பார்த்தான். இல்லை, அது வேறு, நீ சும்மா இரு என்று அடித்துப் பேசியிருக்கலாம், பேசக்கூடியவள்தான். ஆனால் அவள் குனிந்து மேசையின் விளிம்பைத் தேய்த்தாள்.

அவன் ஹெட்போனைக் கழற்றவில்லை. சத்தத்தையும் குறைக்கவில்லை. வீடியோ முடிந்ததும், இன்னொரு தடவை போடு என்று விரலால் காட்டினான். போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, இடது காதின்மேல் ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டு கேட்டான்.

"நான் இருமுறது கேக்குது" என்றான்.