மூன்று நிமிடப் பரிசோதனை

தனபாக்கியத்தின் மகள் பிரித்திகாவுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள், காது போய்விட்டது. எதிரில் இருப்பவர்களின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினாள். ஆந்திர எல்லையில் இருக்கும் பிச்சாட்டூரில் தமிழ் வழிப் பள்ளியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தே ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிட்டாள். வாத்தியார் போர்டு பக்கம் திரும்பிப் பேசினால் மட்டும் அவளுக்குப் பாடம் அறுந்துபோகும். பத்தாவதுக்குள் ஒரு காது மிஷின் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று தனபாக்கியம் தவித்தாள். கணவன் இல்லை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவள் வாங்கும் சம்பளத்தில் மிஷின் கடைப் பக்கமே போக முடியாது.

ஊரில் இருக்கும் அரசு அலுவலகமான கிராம சச்சிவாலயத்தில் நலத்திட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீதேவிதான் வழி சொன்னாள். ஊனமுற்றோர் சர்ட்டிபிகேட் இருந்தால் மிஷின் இலவசம். அதற்குத் திருப்பதியில் முகாம் நடக்கிறது. அவளே ஆன்லைனில் பதிந்து தேதியும் வாங்கிக் கொடுத்தாள்.

தாயும் மகளும் முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனார்கள். டோக்கன் அறுபத்து மூன்று. பகல் இரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். பரிசோதகர் கிரண்குமார் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார். தனபாக்கியத்தை வெளியே நிற்கச் சொன்னார். அவள் தனக்குத் தெரிந்த தெலுங்கில், பெண்ணுக்குக் காதுதான் கேட்காது, தமிழில் முகம் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. மூன்று நிமிடத்தில் பிரித்திகா வெளியே வந்தாள்.

"இன்னா கேட்டாரு?"

"தெரில. வாயே தெரில. துணி மட்டும் அசைஞ்சிக்கினு இருந்திச்சி."

மூன்று வாரம் கழித்து சர்ட்டிபிகேட் வந்தது. ஸ்ரீதேவி அதைப் பிரிண்ட் எடுத்துப் படித்துக் காட்டினாள். மூளை வளர்ச்சிக் குறைவு, அறுபது சதவீதம் என்று போட்டிருந்தது. காதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

மாஸ்க்கும் தெலுங்கும் சேர்ந்து, வகுப்பில் மூன்றாவது ரேங்க் வாங்கும் பெண்ணுக்குப் புத்தி இல்லை என்று எழுதிவிட்டன. ஸ்ரீதேவி நல்லதாக நினைத்துத்தான் ஒன்று சொன்னாள்: இதற்கும் பென்ஷன் வரும், இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாமே.

"பென்ஷன் வாங்கி நான் இன்னா பண்ணட்டும்? நாளைக்கி என் பொண்ணு எங்க போயி நின்னாலும் இந்தக் காகிதம் முன்னாடி போயி நிக்குமே" என்றாள் தனபாக்கியம்.

சர்ட்டிபிகேட்டைத் திருத்தக் கேட்க வேண்டிய திருப்பதி அலுவலகத்தின் முகவரியை ஸ்ரீதேவி எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அலைச்சல். தனபாக்கியம் மேனேஜரிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு திருப்பதி அலுவலகத்துக்குப் போனாள். பெண்ணின் பழைய வைத்திய ரிக்கார்டெல்லாம் சித்தூரில் இருக்கிறது, காய்ச்சல் வந்த காலத்தில் பிச்சாட்டூர் அந்த ஜில்லாதான், அங்கேயிருந்து கடிதம் கொண்டுவா என்றார்கள். சித்தூருக்குப் போனால், பிச்சாட்டூர் இப்போது திருப்பதி ஜில்லாவில் இருக்கிறது, இங்கே வந்து எதற்குக் கேட்கிறாய் என்றார்கள். ஜில்லாவைப் பிரித்தவர்கள் இந்தப் பெண்ணை மட்டும் எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை போலிருந்தது.

இரண்டாவது முறை சித்தூருக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். குமாஸ்தா காகிதத்தைப் பார்த்தார், பிரித்திகாவைப் பார்த்தார். இவ்வளவு நேரம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர், தாய்க்கு நன்றாகப் புரியட்டும் என்று தமிழுக்கு மாறினார்.

"ஏம்மா, பைத்தியம்னா எழுதியிருக்காங்க? கொஞ்சம் மந்தம்னுதானே போட்டிருக்காங்க. பொண்ணப் பாத்தாலும் அப்படித்தான் இருக்குது."

அவர் மாஸ்க் போட்டிருக்கவில்லை. வெளிச்சம் அவர் முகத்தில் நேராக விழுந்திருந்தது.

பிரித்திகா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. அறை முழுக்கக் கேட்டது.

"நான் மந்தம் இல்ல. எனக்குக் காது கேக்காது. நீங்க சொன்னது பூரா எனக்குத் தெரிஞ்சிச்சி."

குமாஸ்தாவுக்கு முகம் வெளிறியது. தனபாக்கியம் நாற்காலி எதுவும் தேடவில்லை. கடிதம் கையில் வரும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாட்ச்மேனைக் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடுங்கள் என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து மோகனப்ரியா என்ற அதிகாரி வந்தார். ரேணிகுண்டாவிலிருந்து உங்கள் ஊருக்கு எப்படிப் போவது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதிப் பிரித்திகாவிடம் கொடுத்தார். அவள் அதைப் படித்துவிட்டு, ரேணிகுண்டாவிலிருந்து பிச்சாட்டூர் வரை எந்தெந்த ஊர் வழியாகப் பஸ் போகும் என்று அடுக்கடுக்காக எழுதிக் கொடுத்தாள். மோகனப்ரியா குமாஸ்தாவை ஒரு பார்வை பார்த்தார். பழைய ரிக்கார்டின் நகலோடு, தாயை உள்ளே வைத்துக்கொண்டு மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்ற கடிதமும் அன்று மாலையே கிடைத்தது.

மறுபடி திருப்பதி. மறுபடி அதே கிரண்குமார். இந்த முறை அவர் மாஸ்க்கைக் கழற்றினார். காதுக்கான சோதனையை முறையாகச் செய்தார். கேட்கும் திறன் இழப்பு, எழுபத்தைந்து சதவீதம். புதிய சர்ட்டிபிகேட்டை நீட்டும்போது, அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று மட்டும் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. பழைய சர்ட்டிபிகேட் ரத்து என்று எழுத்தில் வாங்காமல் தனபாக்கியமும் நகரவில்லை.

நான்கு மாதத்தில் மிஷின் வந்தது. பிரித்திகா முதல் நாள் தலைவலிக்கிறது என்று கழற்றி வைத்தாள். நான்காம் நாளிலிருந்து அதோடுதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

தனபாக்கியத்துக்குக் கோபம் ஆறவில்லை. அன்றைக்குத் தங்களுக்கு முன்னால் உள்ளே போன அறுபத்திரண்டு பேரில் நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேரோ, யாருக்கு என்ன எழுதினார்களோ என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். முகாமில் தமிழ் தெரிந்த ஒரு ஆளை உட்கார வைக்கவேண்டும், பெற்றவளை வெளியே தள்ளக் கூடாது என்று மகளை விட்டு ஒரு மனு எழுத வைத்தாள். ஸ்ரீதேவி எந்த வார்த்தையையும் தணிக்காமல் அதைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்தாள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் தனபாக்கியம் அதைக் கொடுத்து ரசீது வாங்கினாள். பதில் இல்லை. அடுத்த திங்கட்கிழமைக்கும் லீவு கேட்டிருக்கிறாள்.