மட்கார்டு கடகடத்த ஏழு நாள்

ஏழாம் நாள் காலையில் தையல்காரி பல் விளக்குவதற்கு முன்பே குனிந்து பார்த்தது தன் சைக்கிளின் பின்சக்கரத்தைத்தான். முந்தின நாள் சாயங்காலம் மட்கார்டு கம்பியைப் பிடித்திருக்கும் நட்டைத் தன் கையாலேயே இறுக்கி, அதைச் சுற்றி ஒரு சிவப்பு நூலைக் கட்டி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். இப்போது நூல் அறுந்து தொங்கியது. நட்டு இரண்டு சுற்று தளர்ந்திருந்தது.

"அப்படியா சேதி!" என்றாள், சக்கரத்தைப் பார்த்து.

மலைப் பயணத்தில் அவர்கள் தங்கியிருந்த அந்த விடுதியில் இதைச் செய்யக்கூடிய ஆள் ஒருவர்தான், அவள் புருஷன். ஊரே அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். இருபத்தாறு வருஷமாக சைக்கிள் கடை. ரோட்டில் போகிற எவனுடைய செயினாவது கீச்சென்றால் போதும், கை தட்டி நிறுத்தி எண்ணெய் விட்டு, நாலு திட்டும் திட்டி அனுப்புகிற மனுஷன். மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில், எல்லாரும் சாப்பிடக் கூப்பிடக் கூப்பிட, வாசலில் நின்ற யாரோ ஒருவரின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர். அப்பேர்ப்பட்டவர், சொந்தப் பெண்டாட்டியின் மட்கார்டு முதல் நாளிலிருந்து கடகடவென்று தலைவலி கொடுத்தும், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, விடு" என்கிறார். சரி, சோம்பல் என்று நினைத்து இவளே இறுக்கினாள். மறுநாள் தளர்ந்திருந்தது. மறுபடி இறுக்கினாள். மறுபடி தளர்ந்திருந்தது. ஒரு நட்டு தானாகக் கழன்றால் சரி. தினமும் சொல்லிவைத்தாற்போல இரண்டே சுற்றா கழலும்?

அவள் சந்தேகத்துக்கு வேரும் இருந்தது. அவள் அக்காவை அத்தான் இப்படித்தான் திடீரென்று கடல் பார்க்கக் கூட்டிப்போனார். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார், நாலு போட்டோ எடுத்தார். திரும்பி வருகிற வழியில், பஸ்ஸில், "நமக்கு ஒத்துவராது, நான் தனியா இருந்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான், பதினோரு வருஷக் குடித்தனம் முடிந்தது. இங்கே பாருங்கள், கல்யாணமான நாளாக "மலையை சைக்கிளில் சுத்தணும்" என்று வாயால் மட்டுமே சுற்றிக்கொண்டிருந்தவர், போன மாதம் கடையைச் சாத்திவிட்டு வந்து, "கிளம்பு, இந்த வருஷமே போயிடணும்" என்றார். ஏன் இந்த வருஷமே என்று கேட்டால், டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

அன்று காலை அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது ஜன்னல்கள் எல்லாம் காற்றில் தடதடத்தன. ஸ்பேனர் டம்ளரைத் துழாவி எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"காத்து பலமா இருக்கு. இன்னிக்கும் நீயே முன்னால போ. அந்த ஆரஞ்சுத் துணியைக் கழுத்துல கட்டிக்க."

"கட்டலேன்னா?"

"கட்டினா உனக்கு நல்லா இருக்கும்னு சொன்னேன்."

பத்தொன்பது வருஷத்தில் அவள் தைத்துப் போட்ட எந்த உடுப்பையும் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது ஒரு முழத் துணிக்கு இவ்வளவு பாராட்டு! அதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் காதுக்கு அப்பால் இருந்த கதவைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். நேருக்கு நேர் பார்ப்பதே கிடையாது. மடியில் கனம் வைத்திருப்பவன் பார்க்கிற பார்வை அது. அத்தானும் அப்படித்தான் பார்த்தார்.

"அப்புறம்... ஸ்டேஷன் போய்ச் சேர்ந்ததும் உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்றார்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இப்பவே பேசுங்களேன்."

"இப்ப வேணாம். ஊர் திரும்பற நேரத்துல பேசிக்கலாம்."

அடப்பாவி மனுஷா, பஸ்ஸுக்குப் பதில் ரயில், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே போய்ப் பையைச் சைக்கிளில் கட்டினாள். இவளும் அழுத்தக்காரிதான்.

கணவாய் வரைக்கும் ஏற்றம். காற்று ஒரு பக்கமிருந்து வந்து ஆளை அப்படியே நெட்டித் தள்ளியது. அவள் முன்னால் மூச்சு வாங்க மிதித்தாள். பின்னால் அவர், எப்போதும் போல, நாலு சைக்கிள் தூரம் விட்டு. மட்கார்டு கடகடத்தது. ஒவ்வொரு கடகடவுக்கும் அவளுக்கு எரிச்சல் ஏறியது. என்னை ஏன் முன்னால் விடுகிறார்? பின்னாலிருந்து என்ன செய்கிறார்? எதற்கு இந்தச் சத்தம்? நான் வெறுத்துப்போய், "போதும் சாமி, உங்க சங்காத்தமே வேணாம்" என்று நானே சொல்லிவிட வேண்டும், அதுதான் திட்டம். பழி என் தலையில் விழும், அவருக்கு நிம்மதி. நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழுவதைக்கூட காற்று விடவில்லை, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

உச்சியில் ஒரு டீக்கடை. அதற்கப்புறம் ஸ்டேஷன் வரை பதினாலு கிலோமீட்டர் ஒரே இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. ஸ்பேனர் உள்ளே டீ சொல்லப் போன நேரத்தில் தையல்காரி பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். கழுத்திலிருந்த ஆரஞ்சுத் துணியை அவிழ்த்து, அதன் நுனியை நறுக்கென்று வெட்டி, நாலாக மடித்து, மட்கார்டுக்கும் கம்பிக்கும் நடுவே திணித்து, நட்டை முடிந்த மட்டும் இறுக்கினாள். மிச்சத் துணியைப் பைக்குள் போட்டாள். வெளிர் சாம்பல் மழைக்கோட்டை மேலே மாட்டிக்கொண்டாள். உம்முடைய சத்தமும் வேண்டாம், உம்முடைய ஆரஞ்சும் வேண்டாம்.

"போலாமா?" என்று வெளியே வந்து சைக்கிளைத் தொட்டார் அவர். அவள் ஏறி இறக்கத்தில் விட்டாள்.

அடேயப்பா, சைக்கிள் என்ன அமைதியாகப் போனது! ஏழு நாளில் முதல் முறையாகக் காற்று மட்டும் காதில் இரைந்தது. ஒரு வளைவு, இரண்டு, மூன்று. நாலாவதில் பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தாள். ரோடு காலியாக இருந்தது.

நின்றாள். ஐந்து நிமிஷம் ஆனது. ஆள் வரவில்லை.

அப்படியே திரும்பிப் போய்விட்டாரோ? ஸ்டேஷன் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லையோ? போனால் போகட்டும் என்று பெடலில் கால் வைத்தாள். கால் மிதிக்கவில்லை. சைக்கிளைத் திருப்பி, எதிர்க்காற்றில் உருட்டிக்கொண்டு மேலே ஏறினாள்.

முதல் வளைவிலேயே அவர் இருந்தார். சைக்கிள் சரளையில் கிடந்தது. அவர் முழங்கை சிராய்த்து, சாலையோரக் கல்லை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். கல்லுக்கு அந்தப் பக்கம் தடுப்பு இல்லை. பள்ளம்தான்.

காலடிச் சத்தம் கேட்டு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினார்.

"யாருங்க அது? கொஞ்சம் நில்லுங்க. ஒரு அம்மா சைக்கிள்ல கீழ போனாங்க, ஆரஞ்சுத் துணி கட்டியிருப்பாங்க. மட்கார்டு கடகடன்னு அடிக்கும். பார்த்தீங்களா? சத்தத்தையே காணோம். எங்கயாவது விழுந்து கெடக்காங்களோன்னு பயமா இருக்கு."

அவர் பேசிக்கொண்டிருந்தது மூன்று அடி தூரத்தில் நின்ற தன் பெண்டாட்டியிடம்.

அவளுக்கு "நான்தாங்க" என்று சொல்வதற்குள் உயிர் போய் வந்தது.

அவர் கல்லை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நீதானா? அடி ஒண்ணும் படலியே?"

"எனக்கென்ன கேடு! உங்களுக்குக் கண்ணு தெரியலையா? எத்தனை நாளா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நடுவுலதான் தெரியல. ஓரம் தெரியும். ரோட்டு வெள்ளைக் கோட்டை ஓரத்துல பார்த்துக்கிட்டு, உன் சத்தத்துக்குப் பின்னாலயே வந்துட்டேன் ஏழு நாளும். டாக்டர், இது திரும்பாது, இன்னும் குறையும்னுட்டார். அதுக்குள்ள உன்கூட மலையைப் பார்த்துடலாம்னு நெனச்சேன். சொன்னா விட்டிருப்பியா?"

"வாசப்படி தாண்ட விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவள் திட்டினாள். கடை, நட்டு, மலை, டாக்டர், அத்தான் வரைக்கும் ஒருவரையும் விடாமல் திட்டினாள். திட்டி முடித்து, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்போ என் மூஞ்சி?"

"நேரா பார்த்தா தெரியறதில்ல." அவர் அவள் காதுக்கு அப்பால் பார்வையைத் திருப்பினார். "இப்படிப் பார்த்தாத்தான் தெரியும். இப்ப தெரியற. அழறியா?"

அவள் எழுந்து ஆரஞ்சுத் துணியைக் கழுத்தில் கட்டினாள். மட்கார்டில் திணித்ததை உருவி எறிந்தாள். "ஸ்பேனரைக் குடுங்க" என்று வாங்கி, நட்டை இரண்டு சுற்று தளர்த்தி, சக்கரத்தைத் தூக்கித் தட்டினாள். கடகடத்தது.

"இன்னும் ஒரு சுத்து. காத்து ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

தளர்த்தினாள். "ஆனா ஏறி உட்கார்ந்தீங்க, காலை ஒடிச்சுடுவேன். உருட்டிக்கிட்டுத்தான் வரணும், பதினாலு கிலோமீட்டரும். ரயில் போனா போகட்டும்."

"சரி."

"ஸ்டேஷன்ல பேசணும்னீங்களே, அது இதுதானா? வேற எதுவும் மறைக்கலையே?"

"இதேதான். வேற ஒண்ணும் இல்ல."

அவள் காதுக்கு அப்பால் பார்த்துத்தான் சொன்னார். அவள் நம்பினாள்.