நூலக வாசலில் நிறுத்த மூன்று பேர்

இப்போது வளாகத்துக்குள் மின்சாரப் பேருந்து சத்தமில்லாமல் வந்து போகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் நொயலீனின் ஓட்டை நீலக் காரில், ஹீட்டர் வேலை செய்யாமல், மூவரும் கம்பளி போர்த்திக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போன காலத்துக்கு அது ஈடாகுமா? எனக்கு ஆகாது.

ஆஸ்திரேலியாவில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; அதுவும் எங்கள் ஆர்மிடேலின் குளிர் லேசுப்பட்டதல்ல. கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வண்டியையே எடுக்க முடியும். ஒரே காரில் மூன்று பேர் வந்தால் நூலக வாசலிலேயே நிறுத்தலாம் என்று பல்கலைக்கழகம் ஒரு திட்டம் வைத்திருந்தது. மற்றவர்கள் கீழே பள்ளத்தில் நிறுத்திவிட்டு மேடு ஏற வேண்டும். நொயலீனுக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. அந்த மேடெல்லாம் தன்னால் ஆகாது, இடம் போனால் வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கோ வலிப்பு வரும், கார் ஓட்ட உரிமம் கிடையாது, ஊருக்கு வெளியே இருந்த எங்கள் பக்கம் பேருந்தும் இல்லை. அவள் நின்றுவிட்டால் என் நூலக வேலைக்கும் மங்களம் பாட வேண்டியதுதான்.

மூன்றாவது ஆள் புவியியல் கற்பித்த காலின். வழி முழுக்க கிரிக்கெட் தேர்வாளர்களைத் திட்டிக்கொண்டே வருவார்.

அவர் ஓய்வு பெற்றார். கேக் வெட்டி அனுப்பிவைத்தோம். எல்லாம் முடிந்தது என்று நானும் நொயலீனும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை ஊருக்குள் இருந்த அவர் வீட்டைத் தாண்டும்போது பார்த்தால், மனிதர் பழைய தோள்பையோடு வாசலில் நிற்கிறார்! ஏறி உட்கார்ந்து, தேர்வாளர்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். நூலகத்தில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, ஊருக்குத் திரும்பும் பேருந்தில் வீடு போய்ச் சேர்ந்தார். தினமும் அப்படித்தான். எங்களுக்காக இப்படி அலைகிறாரே என்று மனசு உருகிப்போனது.

பிறகு திட்டத்தைக் கவனிக்க கெல்சி என்றொரு பெண் வந்தாள். எல்லாரையும் சைக்கிளில் வரச் சொல்லி, தானும் மூக்கு சிவக்க மிதித்து வருபவள். ஒருநாள் எங்கள் காரை நிறுத்தி அடையாள அட்டை கேட்டாள். காலினிடம் ஏது?

காலின் எதையும் மறைக்கவில்லை.

"நான் ரிட்டயர் ஆயிட்டேம்மா. நான் வரலேன்னா இவங்க ரெண்டு பேரும் வீட்லதான் உக்காரணும்."

வேலை செய்கிறவர்கள் மூன்று பேர் என்பதுதான் விதி என்றாள் கெல்சி. கொஞ்சம் யோசித்தாள். தான் காலின் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இருப்பதாகவும், இந்தக் குளிரில் சைக்கிள் மிதித்து உயிர் போவதாகவும், அதை யாரிடமும் சொல்லக் கூடாதென்றும், நாளையிலிருந்து மூன்றாவது ஆளாகத் தானே வருவதாகவும் சொன்னாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நொயலீன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

காலின் மட்டும் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரோடு பேச ஒரு ஜீவன் கிடையாது என்பது அப்போதுதான் எங்கள் மரமண்டைகளுக்கு உறைத்தது.

"அப்ப நாளைக்கு நான் வர வேணாமா?"

நொயலீன் சாவியைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏழரைக்கு வாசல்ல நில்லுய்யா. காக்க வச்சே, விட்டுட்டுப் போயிடுவேன்."