வந்து சேர்ந்ததற்கு ஒரு மிஸ்டு கால்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். கிருஷ்ணகிரி கட்டுப்பாட்டு அறையில் என்னோடு உட்காருகிற எல்லோருக்கும் இது தெரியும். டீயில் சர்க்கரை குறைந்தால்கூட டீக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவேன். ஆனால் ஹெட்செட்டை மாட்டிவிட்டால் குரல் தானாகத் தணிந்துவிடும். "மாட்டினா சுக்ரா, கழட்டினா சூறாவளி" என்று எங்கள் டீம் லீடர் நவீன்குமார் கிண்டல் செய்வான். செய்துவிட்டுப் போகட்டும், அவனுக்கும் பொழுது போக வேண்டுமே.

அவசர எண்ணுக்கு விபத்து, தீ, அடிதடி என்று எத்தனையோ அழைப்புகள் வரும். அதில் வாழப் பிடிக்கவில்லை என்று அழுகிறவர்களை என் பக்கம் திருப்பிவிடுவார்கள். நான் பேச்சு அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் ஓசூரில் நிற்கிற மனநல வண்டி அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். வண்டியில் இரண்டே பேர். ஆலோசகர் மணிமேகலை, டிரைவர் சின்னராஜ். எங்கள் லைனுக்கு ஒரு போன், மற்றவர்கள் கூப்பிட வண்டியின் போன், இரண்டும் மணிமேகலை கையில்தான். ஆளைக் கண்டதும் மணிமேகலை என்னிடம் "கைமாறியாச்சு" என்பாள். அந்த நொடியே நான் லைனை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன ஆனார், சாப்பிட்டாரா, தூங்கினாரா, எதையும் கேட்கக் கூடாது. அது அவர்களுடைய அந்தரங்கம். நியாயம்தான். ஆனால் படம் ஓடும்போது பாதியில் கரண்ட் போன மாதிரி எத்தனை பேரைத்தான் ஒருத்தி மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிவது?

மணிமேகலையையும் நான் நேரில் பார்த்ததில்லை. வெறும் குரல்தான். "ஒரு நாள் ஓசூருக்கு வாடி, பிரியாணி வாங்கித் தரேன்" என்பாள். "பிரியாணியப் பத்தி எனக்கே சொல்றியா நீ?" என்பேன். அவளும் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். போனதில்லை. லீவு நாளில் நான் எங்கேயும் போவதில்லை. கட்டியவர் பிரிந்து போன பிறகு பழையபேட்டையில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கல்லாவியில் அண்ணன் வீடு இருக்கிறது. பெருநாளுக்குப் போவேன், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அன்று மதிய ஷிப்ட் மாறுகிற நேரம். கர்நாடகப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். இது எங்களுக்குப் பழகிய தொல்லை. ஓசூர் எல்லையில் இருக்கிற ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். ஜூஜுவாடியில் நின்றுகொண்டு அவசர எண்ணை அழுத்தினால், போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்தில்தான் எடுப்பார்கள்.

"மேடம், நிம்ம கடே, உங்க பக்கத்து ஆளு" என்றாள் அந்தப் பெண், பாதி கன்னடமும் பாதி தமிழுமாக. "தமிழ்ல அழறார். மேல போறார், கீழ வர்றார் போல. கட் ஆயிட்டே இருக்கு. நீங்க பேசுங்க, ப்ளீஸ்." எண்ணைச் சொன்னாள்.

நான் அந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்ததும் காற்றுச் சத்தம்தான் கேட்டது. அதற்குப் பின்னால் நெடுஞ்சாலை லாரிகளின் ஹாரன்.

"நான் சுக்ரா பேசறேன். உங்களுக்கு ஒத்தாசை பண்ணத்தான் கூப்பிட்டேன், சொல்லுங்க."

"நீங்க தமிழாக்கா?" இளம் குரல், தெற்கத்திப் பேச்சு. "அவுக கன்னடத்துல கேக்காவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

பெயர் முத்துக்குமார். சங்கரன்கோவில் பக்கம். இங்கே உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருக்கிறான். எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன்.

"மொட்ட மாடியில. சுவர் மேல உக்காந்துருக்கேன்."

கையை உயர்த்தி நவீன்குமாருக்குச் சைகை செய்தேன். அவன் வண்டியை இன்னொரு லைனில் பிடித்துக்கொடுத்தான். முத்துக்குமாருக்குக் கதவு எண் தெரியவில்லை. ஜூஜுவாடி, வீட்டுக்காரர் பெயர் கங்கப்பன், எதிரில் நீலப் பெயிண்ட் அடித்த தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் சொன்னான். சின்னராஜுக்கு அது போதும், அந்தப் பக்கத்து லைன் வீடுகள் அவருக்கு அத்துப்படி.

"யக்கா, ஆம்புலன்ஸ அனுப்பிராதீய. சத்தம் கேட்டா ஓனர் நாளைக்கே காலி பண்ணச் சொல்லிருவாரு."

"ஆம்புலன்ஸ் இல்லப்பா. சாதா வண்டி. சைரன் கிடையாது, போர்டு கிடையாது. சொந்தக்காரங்க வர்ற மாதிரி வருவாங்க."

அது உண்மை. வெள்ளை வேன், மேலே ஒரு எழுத்து இருக்காது. ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் போவார்கள். ஒரே வரிசையில் பத்து அறை, பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ் என்று இருக்கிற இடத்தில் 'அவனுக்குப் புத்தி சரியில்லையாம்' என்ற பேச்சு ஒரு குடம் நிரம்புவதற்குள் பரவிவிடும். ஆனால் சைரன் இல்லாத வண்டிக்கு யார் வழி விடுவார்கள்? மணிமேகலையின் குரல் இன்னொரு லைனில் வந்தது. "கம்பெனி பஸ்சுங்க அத்தனையும் ரோட்டுல நிக்குதுடி. முன்னால ஒரு கன்டெய்னர் குறுக்கால மாட்டிக்கிச்சு. ஒரு அடி நகரல."

நான் பேச்சை இழுத்தேன். இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"எங்கம்மைக்கு மிஸ்டு கால் குடுத்தேன்" என்றான்.

மெதுவாகத்தான் சொன்னான். ஓசூர் வந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் அம்மாவுக்கு ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவான். வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். அம்மா திருப்பி ஒரு ரிங் விடுவாள். சரி என்று அர்த்தம். "தெனமும் பேச என்ன இருக்கு? அதுதான் எங்க பேச்சு" என்றான். ஆடி மாதம் அம்மா தவறிவிட்டாள். அவன் மிஸ்டு கால் கொடுப்பதை விடவில்லை. சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று தினமும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

"இன்னைக்கு ரிங்கு போச்சுக்கா."

ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ரிங்கு போகவும் எனக்கு கட் பண்ண மனசு வரல. ஒரு ஆம்பள எடுத்தாரு. நம்பர வேற ஆளுக்குக் குடுத்துட்டாவ போல. எங்கம்ம இல்லியான்னு கேட்டுட்டேன். கிறுக்குப்பயலேன்னு வச்சிட்டாரு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ரூமுக்கு வந்துட்டேன்னு சொல்ல இனி ஒரு ஆளு இல்லக்கா. அப்பறம் எதுக்கு வரணும்?"

இந்த வேலையில் யாருக்கும் தெரியாமல் அழக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அன்று அதுவும் வரவில்லை. அவன் கேட்ட கேள்வியை ஒவ்வொரு சாயங்காலமும் என் அறைப் பூட்டைத் திறக்கும்போது நானே கேட்டுக்கொள்கிறவள்.

காற்றுச் சத்தம் திடீரென்று பெரிதானது. "முத்துக்குமார், உக்காந்துதான இருக்க?"

"நிக்கேன்."

"கீழ இறங்கி வந்துடுப்பா. ரூம்ல உக்காந்து பேசலாம்."

"கீழ போனா கட் ஆயிரும். ரூம்ல கர்நாடக டவருதான், ரிங்கு போவும், பேச்சு நிக்காது. மேல இங்கன நின்னாத்தான் உங்க லைன் நிக்குது. கீழ போனா நீங்களும் போயிருவீய."

அவன் சொன்னது சரி. நவீன்குமார் என் பக்கத்தில் வந்து குனிந்தான். "லைன மட்டும் விட்டுடாதீங்க. வண்டி போற வரைக்கும் பேச்சுல வைங்க. அதான் ரூலு."

என் மைக்கை மூடினேன். "ரூலு வந்து சுவத்து மேல நிக்கலப்பா, அவன் நிக்கறான்" என்றேன். லைனைப் பிடித்திருந்தால் அவன் மேலேயே நிற்பான். விட்டால் கீழே வரலாம், வராமலும் போகலாம். வந்தானா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. வண்டியோ இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, கன்டெய்னர் மேல், டவர் மேல், அந்த நம்பரை யாருக்கோ தூக்கிக் கொடுத்தவர்கள் மேல். மைக்கைத் திறந்தேன்.

"முத்துக்குமார், உன் போனுக்கு ஒரு நம்பர் அனுப்பறேன். இப்போ உன்னப் பாக்க வண்டியில வர்ற அக்காவோட நம்பர், மணிமேகலைன்னு பேரு. நீ இறங்கி ரூம் வாசலுக்குப் போ. போய் அதுக்கு ஒரு மிஸ்டு கால் குடு. பேச வேண்டாம், ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒரு ரிங்கு."

நவீன்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"திருப்பிக் குடுப்பாவளா?" என்று கேட்டான் முத்துக்குமார்.

"குடுப்பாங்க."

"சும்மா சொல்லுதீயளா?"

"எனக்கு வாய் நீளம்ப்பா. ஆனா அதுல பொய் கிடையாது. மொதல்ல ரெண்டு காலையும் உள்பக்கம் வை."

காற்று. லாரி. பிறகு சிமெண்டில் செருப்பு உரசுகிற சத்தம். "வச்சிட்டேன்" என்றான். "எறங்குதேன்." படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குரல் துண்டு துண்டாக உடைந்தது. "யக்கா" என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. லைன் போய்விட்டது.

வண்டி லைனுக்குத் தாவினேன். "மணி, உனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். எடுக்காத. கட் ஆனதும் நீ திருப்பி ஒரு ரிங்கு விட்டு கட் பண்ணு."

"உனக்கு என்னடி ஆச்சு? வர்ற போன எடுக்காம விடறதா? போன எடுக்கறதுதான நம்ம பொழப்பே."

"எடுத்தா யாரோ எடுத்த மாதிரி ஆயிடும்டி. அவங்கம்மா இருந்த வரைக்கும் எடுக்க மாட்டாங்க, திருப்பித்தான் குடுப்பாங்க. சொல்றதக் கேளு."

அவள் பக்கம் வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி. நான் வண்டிய விட்டு எறங்கி நடக்கறேன்" என்றாள். "சின்னராஜண்ணன் வண்டிய எடுத்துனு வரட்டும்."

என் லைன் காலியானதும் அடுத்த அழைப்பு வந்து விழுந்தது. கூட்டமான நேரத்தில் எனக்கும் எல்லா அழைப்பும் வரும். பாரூரிலிருந்து ஒரு அம்மா. மாடு கால்வாயில் விழுந்துவிட்டதாம், கரையேற முடியாமல் கத்துகிறதாம். எந்த மதகுக்குப் பக்கத்தில் என்று கேட்டேன். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். தீயணைப்புக்கு இணைக்கும் வரை அந்த அம்மா அழுதுகொண்டே இருந்தார். "மாட்டுக்குப் பேரு என்னங்க?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. "செவப்பிங்க" என்றார். "செவப்பி வந்துடுவா, அழாதீங்க" என்றேன். யாராவது ஒருவர் வந்து சேர்ந்துவிட வேண்டும் போல இருந்தது. இணைத்துவிட்டுப் பார்த்தால் வண்டி லைனில் சத்தமே இல்லை.

நவீன்குமார் நகத்தைக் கடித்துக்கொண்டு என் பின்னாலேயே நின்றான். போய் உட்காரு என்று அவனிடம் கத்தினேன். அவன் போகவில்லை.

மணிமேகலையின் குரல் வந்தது, மூச்சு வாங்க. "வந்துச்சுடி. ஒரே ரிங்கு."

"நீ குடுத்தியா?"

"குடுத்துட்டேன். குடுத்துட்டு ஓடறேன், நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவள் ஓடுகிற சத்தம், யாரிடமோ கன்னடத்தில் வழி கேட்கிற சத்தம், குழாயடியில் பெண்கள் பேசுகிற சத்தம் எல்லாம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. "முத்துக்குமார், நான்தான்ப்பா" என்றாள் மணிமேகலை. அவன் என்னவோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை.

"கைமாறியாச்சு" என்றாள் என்னிடம்.

எப்படி இருக்கிறான், அழுகிறானா, ஒரு வாய் தண்ணீர் கொடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு லைனை விட்டேன்.

"நாளைக்கு மேலிடத்துல இருந்து விளக்கம் கேப்பாங்க" என்றான் நவீன்குமார்.

"கேக்கட்டும்" என்றேன். அவன் போய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்தான். சர்க்கரை குறைவுதான். ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.

ஷிப்ட் முடிந்து பழையபேட்டைக்கு வந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. கீழ்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. படியேறிப் பூட்டைத் திறந்தேன். காலையில் போட்டுவிட்டுப் போன தட்டு போட்ட இடத்திலேயே கிடந்தது. தினமும் அப்படித்தான் கிடக்கும். வேறு யார் எடுத்து வைப்பார்கள்? விளக்கைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். நான் வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அறையில் மின்விசிறியைத் தவிர எதுவும் இல்லை.

என் சொந்த போனை எடுத்தேன். மணிமேகலை கையிலிருக்கும் அந்த வண்டி போனின் எண் எனக்கு மனப்பாடம். அவளிடமும் என் எண் இருக்கிறது. ஒரு ரிங் விட்டேன். கட் பண்ணினேன்.

பண்ணிய உடனே வெட்கம் பிடுங்கித் தின்றது. உயிர் போகிற அவசரத்துக்கு வைத்திருக்கிற போன் அது. என் அசட்டுத்தனத்துக்கு அதுதானா கிடைத்தது? அவள் வேறு யார் வீட்டு வாசலில் நிற்கிறாளோ. நாளைக்குக் கேட்டால் கை பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பால் திரிந்திருந்தது. வரட்டீ போட்டேன். தட்டைக் கழுவி வைத்தேன். போன் கட்டிலில் சும்மா கிடந்தது. வராது என்று முடிவு செய்துவிட்டேன். வராவிட்டால்தான் என்ன, இத்தனை நாள் எது வந்தது?

டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது அடித்தது. ஒரே ஒரு ரிங். நான் ஓடிப்போய் எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

திருப்பிக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது, அதுதான் முறை. கதவைத் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்து டீயைக் குடித்தேன்.