கைக்குட்டையில் சுற்றிய ஓட்டாஞ்சில்லு

அய்யாக்கண்ணு யாரையும் நம்பியதில்லை. முந்திரிக்கொட்டை வாங்க வரும் வியாபாரி தராசைத் தூக்கினால் இவர் கண் தராசு முள்ளில் இருக்காது, வியாபாரியின் சுண்டு விரலில்தான் இருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால் அதைப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். எழுத்து வாசனையே இல்லாத மனுஷன் அதன் பின்பக்கத்தில் என்னத்தைத் தேடினார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். பெண்டாட்டி மூக்காயி, “கொழம்பு எப்புடி இருக்கு?” என்று கேட்டால்கூட, இவள் ஏன் இன்றைக்குப் பார்த்துக் கேட்கிறாள் என்று யோசித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே பிள்ளையாக வந்து பிறந்தவன் மலையாண்டி. எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டுகிற தகப்பனிடம் வளர்ந்தவன், மனதில் இருப்பதை நேராகச் சொல்லக் கற்றுக்கொள்ளாமல் போனான். இதில் அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

1959ஆம் வருஷம் கோடையில் அவன் புதுக்கோட்டையில் பி.யு.சி. பாஸ் செய்தான். கந்தர்வகோட்டைப் பக்கத்து அந்த ஊரில் அவ்வளவு படித்த முதல் ஆள் அவன்தான். அவன் செய்த ஒரே தப்பு, கணக்குப் பாடத்தில் அள்ளிக்கொண்டு வந்த மார்க். செய்தி காதில் விழுந்த மறு ஞாயிற்றுக்கிழமையே தாய்மாமன் இருளாண்டி வந்து இறங்கிவிட்டார். அவர் மராமத்து இலாகாவில் கிளார்க். இஸ்திரி போட்ட சட்டையோடு ஊருக்குள் நடக்கிற ஒரே ஆள் என்பதால் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது.

“திருச்சிக்கு அனுப்பிருங்க மச்சான். பி.எஸ்.சி. கணக்கு. அதை முடிச்சான்னா ரயில்வே, பேங்கு, தாலுகா ஆபீஸு, எங்கிட்டுப் போனாலும் நாற்காலி போட்டுக் கூப்பிடுவாங்க.”

“அவன் என்னமோ சரித்திரம் படிக்கிறேங்குறானே,” என்றார் அய்யாக்கண்ணு.

“சரித்திரமா? சரித்திரம் படிச்சவன் ஒருத்தன் எங்க ஆபீஸ்ல எனக்குத் தண்ணி மோந்து குடுக்குறான்.”

மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். மாமா சொன்னது பொய் இல்லை என்று அவனுக்கே தெரியும். கணக்குப் போட்டால் வேலை கிடைக்கும், வீட்டுக்கு ஓடு போடலாம், ஆத்தா வெயிலில் கொட்டை பொறுக்குவதை நிறுத்தலாம். இத்தனை நியாயத்துக்கும் எதிரில் வைக்க அவனிடம் இருந்தது ஓர் ஆசை மட்டும்தான்.

அந்த ஆசை அவர்களுடைய முந்திரிக்கொல்லையிலிருந்து முளைத்தது. அதற்கு முந்தின ஐப்பசியில் அடித்த மழையில் செம்மண் அரித்து, மரங்களுக்கு நடுவே வட்டமாகப் பானை விளிம்புகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே குந்துகிற அளவுக்கு அகலம். உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் கிழடுகளை அந்தக் காலத்தில் இந்தத் தாழிக்குள் வைத்துப் புதைத்தார்கள் என்று ஊரில் சொல்லிக்கொண்டு, அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். மலையாண்டி காலேஜில் சரித்திரம் நடத்துகிற ஆத்மநாதன் சாரிடம் இதைச் சொன்னான். அடுத்த சனிக்கிழமையே அவர் ஒரு குடையோடு பஸ் ஏறி வந்துவிட்டார்.

வந்தவர் வேட்டி செம்மண்ணாவதைப் பற்றிக் கவலைப்படாமல் தாழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விளிம்புக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. மலையாண்டியின் விரலைப் பிடித்து ஒரு குழியில் வைத்தார்.

“இதைப் பண்ணினவன் ஈரமா இருக்கும்போது விரலால அழுத்தியிருக்கான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும். பேரு தெரியாது, ஊரு தெரியாது, விரல் மட்டும் நம்ம கையில இருக்கு பாரு.”

மலையாண்டியின் விரல் அந்தக் குழியில் சரியாகப் பொருந்தியது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இனி வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்ய வேண்டும் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டான். கணக்கு அவனுக்கு வரும், அவ்வளவுதான். இது அவனுக்கு வேண்டும்.

ஆனால் ஒரு முந்திரி மரத்துக்குப் பின்னால் நின்று அய்யாக்கண்ணு பார்த்தது வேறு. வாத்தியார் பானை உடைந்து கீழே கிடந்த ஒரு ஓட்டாஞ்சில்லை எடுத்தார், ஊதினார், சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை உருவி அதில் சுற்றிப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார். போதாததற்குப் போகும்போது, “இதை யாரும் தொடாமப் பாத்துக்குங்க. கொல்லையை யாருக்கும் வித்துடாதீங்க” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அய்யாக்கண்ணு அதை மனதுக்குள் போட்டு மென்றுகொண்டே இருந்தார்.

திருச்சிக் காலேஜுக்கு எழுதிப்போட வேண்டிய நாள் நெருங்கியதும், அவர் மகனைக் கொல்லைக்கு வரச் சொன்னார். வீட்டில் பேசினால் மூக்காயி காதில் விழும் என்பது அவர் கவலை.

“கணக்கு ஏன் வேண்டாங்குற?”

“வேண்டாங்கலைப்பா. சரித்திரம்...”

“அதுல பொம்பளப் புள்ளைக எதுவும் படிக்குதா?”

“இல்லப்பா.”

“அந்த வாத்தியாரு வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கா?”

“அவுக வேற ஆளுகப்பா. நம்மளுக்கு எப்புடி...”

“அப்ப ஒன்னைய அதுல சேத்துவிட்டா அந்த ஆளுக்கு என்ன ஆதாயம்?”

‘எனக்கு அது புடிச்சிருக்குப்பா’ என்று சொல்லத்தான் மலையாண்டி வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். வாயைத் திறப்பதற்குள் அய்யாக்கண்ணு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அந்த ஓட்டாஞ்சில்லை எதுக்குடா கைக்குட்டையில சுத்துனாரு?”

“அது பழசுப்பா.”

“பழசுன்னா என் கோமணங்கூடப் பழசுதான். அதை எவனாச்சும் சுத்தி எடுத்துக்கிட்டுப் போறானா? தாழிக்குள்ள என்ன இருக்கு?”

அப்போதுதான் மலையாண்டிக்கு அப்பாவின் மனதில் ஓடுவது புரிந்தது. புதையல்! சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. உள்ளே எலும்பும் சின்னக் கிண்ணங்களும் துருப்பிடித்த இரும்பும் தவிர ஒன்றும் இருக்காது என்று சார் சொல்லியிருந்தார். அதை இங்கே சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. நாளைக்கே அவன் கணக்கு வகுப்பில் உட்கார வேண்டியதுதான். அவன் குனிந்து ஒரு முந்திரிச் சருகை எடுத்துக் கிள்ளினான்.

“சரித்திரம் படிச்சா, எந்தெந்த எடத்துல என்னென்ன பொதைஞ்சு கெடக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?”

“தெரிஞ்சுக்கலாம்ப்பா.”

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஆனாலும் சொல்லும்போது அவன் காது சுட்டது. பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்ற முடியும் என்று அன்றைக்குத்தான் அவன் தெரிந்துகொண்டான்.

அய்யாக்கண்ணு நாலா பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு, “சரித்திரமே படி. ஒங்க மாமங்கிட்ட மூச்சு விடாத. அவன் ஒரு மாதிரியான ஆளு” என்றார். சேதி கேட்ட இருளாண்டி, மச்சானுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போனார்.

திருச்சியில் மலையாண்டி சந்தோஷமாக இருந்தான். லைப்ரரியை மூடுகிற வரைக்கும் அங்கேயே கிடந்தான். வருகிற கோடையில் சர்க்காரிடம் அனுமதி வாங்கி, தன் கொல்லைத் தாழியை முறைப்படி, மண்ணைச் சுரண்டிச் சுரண்டித் திறக்க வேண்டும் என்று ஆத்மநாதன் சாரும் அவனும் பேசி வைத்திருந்தார்கள். அப்பாவின் நினைப்பு வந்தால் மட்டும் நெஞ்சில் முள் குத்தியது. கோடைக்குள் எப்படியாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டான். தள்ளிப் போடுகிறவர்களுக்கு நாள் எப்போதும் நிறைய இருப்பது போலத்தான் தெரியும்.

தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்தபோது வீட்டில் ஆத்தா மட்டும்தான் இருந்தாள்.

“அப்பா எங்கிட்டுப் போயிருக்காக?”

“கொல்லையிலதான் கெடக்காக. புரட்டாசியில ஒங்க வாத்தியாரு கொடையோட வந்து, மழையில இன்னும் ஏதாச்சும் தெரியுதான்னு கேட்டுருக்காரு. சண்டை போட்டு வெரட்டிட்டாக. மறுநாளே தட்டி கட்டி மறைச்சாச்சு. சோத்தைக்கூட நான் தட்டிக்கு இங்கிட்டே வச்சுட்டு வந்துரணுமாம். என்னைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷமாச்சு, நான் எதைத் தூக்கிட்டு ஓடிருவேன்னு கேளுடா.”

மலையாண்டி ஓடினான். தென்னங்கீற்றுத் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

கொல்லை முழுக்கப் பள்ளம். வருஷா வருஷம் காய்த்த முந்திரி மரங்களை வேரோடு சாய்த்துப் போட்டிருந்தது. ஒரு மூலையில் சேவல் இறகும் காய்ந்த ரத்தமும் குங்குமமும் கிடந்தன; பூதம் காவல் இருந்தால் அதைச் சமாளிக்கக் கோடாங்கியைக் கூட்டிவந்து பலி கொடுத்திருக்கிறார். எங்கு பார்த்தாலும் தாழி ஓடு. ஒன்றுகூட முழுசாக இல்லை. எலும்புகள் முந்திரிச் சருகோடு சருகாகக் கலந்து கிடந்தன. கறுப்பும் சிவப்புமாக இருந்த கிண்ணங்களைக் கடப்பாரையால் குத்திப் பார்த்து எறிந்திருந்தார். கூலிக்கு ஆள் வைத்தால் திருடிவிடுவான் என்று இத்தனையையும் ஒற்றை ஆளாகவே தோண்டியிருக்கிறார்.

பள்ளத்துக்குள்ளிருந்து அய்யாக்கண்ணு நிமிர்ந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். உள்ளங்கை இரண்டும் கிழிந்து துணி சுற்றியிருந்தது.

“வந்துட்டியா! எதுலதான்டா இருக்கு?”

மலையாண்டி உட்கார்ந்து ஓடுகளைக் கிளறினான். தேடியது கிடைத்தது. விளிம்போடு உடைந்த ஒரு துண்டு, அதில் அந்த விரல் குழி. அவன் அழுதான். அழுதுகொண்டே, தன்னை அறியாமல் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்த ஓட்டுத் துண்டைச் சுற்றினான்.

நிமிர்ந்து பார்த்தபோதுதான் அப்பாவின் கண்கள் சுருங்கி அவன் கைமேல் இருப்பதைக் கண்டான்.

“நீயும் சுத்துற,” என்றார் அய்யாக்கண்ணு.

“அப்பா, ஒண்ணுமே இல்லப்பா இதுல. என்னைக்குமே இருந்ததில்ல. எனக்கு இது புடிச்சிருந்துச்சு. அதுக்குத்தான் படிக்கணும்னேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன். தப்பு எம்மேலதான்.”

“புடிச்சிருந்துச்சா? ஒடஞ்ச பானையையா?”

“ஆமாப்பா.”

அய்யாக்கண்ணு சிரித்தார்.

“ஒடஞ்ச பானைக்கு எவனும் இப்புடி அழுவ மாட்டான். உள்ள இருந்ததை நீயும் அந்த வாத்தியாரும் முன்னாடியே வழிச்சுட்டீக. அதான் தொடாதே, விக்காதேன்னு வெறும் பானைக்குக் காவல் போட்டாரு. எங்க வச்சிருக்கீக?”

“சத்தியமா இல்லப்பா. நான் வேணும்னா கணக்குக்கு மாறிக்கிறேன். இந்த வருஷம் போனாப் போகுது. மாமா சொன்னபடியே...”

உயிரைப் பிடுங்கிக் கொடுப்பது போலத்தான் அதைச் சொன்னான். அந்த நிமிஷத்தில் அப்பாவின் கிழிந்த கைக்காக அவன் நிஜமாகவே மாறியிருப்பான்.

“மாறுறியா? ஏன், வேலை முடிஞ்சு போச்சா?” என்றார் அய்யாக்கண்ணு. “அதெல்லாம் நடக்காது. நீ சரித்திரமே படி. கடைசி வரைக்கும் படி. என்னைக்காச்சும் ஒருநா வாய் தவறிச் சொல்லுவேல்ல, அதுவரைக்கும் நான் உசுரோட இருப்பேன்.”

அப்படித்தான் மலையாண்டி சரித்திரம் படித்தான். அவன் ஆசைப்பட்டது கிடைத்தது.

லீவு முடிந்து கிளம்பியபோது, அய்யாக்கண்ணு அதுவரை இல்லாத வழக்கமாகப் பஸ் ஏற்றிவிட வந்தார். டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் வைத்து அதைத் திறந்து, சட்டைகளை உதறி, புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். கைக்குட்டை முடிச்சு கையில் சிக்கியது. அவிழ்த்தார். ஓட்டுத் துண்டைப் பின்பக்கம் திருப்பினார், மறுபடி முன்பக்கம் திருப்பினார். அவருடைய காய்த்துப்போன விரல் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

இப்போதாவது இவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று மலையாண்டியின் மனம் பதறியது.

“அப்பா, ஒங்க வெரல் இருக்குல்ல அந்தக் குழி, அது பானை பண்ணுனவன் வெரல் பதிஞ்சதுப்பா. நம்ம கொல்லையிலயே இருந்த ஆளு.”

அய்யாக்கண்ணு சுட்டுவிட்டது போல விரலை எடுத்தார். மகன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இதை எதுக்கு இப்பச் சொல்ற?” என்று கேட்டார்.

பஸ் வந்து நின்றது. மலையாண்டி பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறினான்.