ஒரு கப், இருநூறு கிராம்

புத்தகத்தின் ஆறாம் பக்கத்தைப் பார்த்ததும் றிஸ்லாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோதுமை மா ஒரு கப், 200 கிராம். ரவை ஒரு கப், 200 கிராம். துருவிய தேங்காய்ப்பூ ஒரு கப், அதுவும் 200 கிராம். மேலே தடித்த எழுத்தில் அவளுடைய பெயர்.

சாய்ந்தமருதில் ஒரு பெண்கள் நிலையத்தில் மூன்று மாதமாகக் கேக் வகுப்பு நடத்தியவள் அவள். "கப் கணக்கு வாணாம் மிஸ், கிராமில எழுதித் தாங்க, புத்தகம் அடிப்பம்" என்று கேட்டவர் நிலையப் பொறுப்பாளர் அபுல் ஹஸன். பத்து நாளாகக் கப்பில் அள்ளி, கத்தியால் வழித்து, ஒவ்வொன்றையும் ஐந்து தடவை நிறுத்துப் பார்த்து எழுதிக் கொடுத்தாள். மா நூற்றிருபத்தைந்து, சீனி இருநூறு, ரவை நூற்றெழுபது, தேங்காய்ப்பூ எண்பது. புத்தகம் அச்சாகி வந்து பெண்களுக்குக் கொடுத்த அன்று அவள் லீவு.

இன்று காலை பாண்டிருப்பிலிருந்து வகுப்பில் படிக்கும் கேசினி அழுதுகொண்டு போன் எடுத்தாள். மச்சாளின் பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள் கேக். மூன்று கப் மாவுக்குப் புத்தகத்தில் கிடந்தபடி அறுநூறு கிராம் நிறுத்துப் போட்டிருக்கிறாள். கேக் செங்கல்லாக வந்தது. "மூண்டு மாசம் போய் இதைத்தான் படிச்சியோ எண்டு சபைக்கு நடுவில மாமி கேட்டிட்டா மிஸ். இனி வகுப்புக்குப் போகவேண்டாமாம்."

அதைக் கேட்டுத்தான் றிஸ்லா புத்தகத்தைத் திறந்தாள். அதோடு தராசு, கப், தேங்காய்ப்பூ, சீனிப் பைக்கற்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அபுல் ஹஸனின் காரியாலயத்துக்குள் நுழைந்தாள்.

"சேர், இத ஆரு மாத்தின?"

"நாந்தான். நீங்க பிழையா எழுதியிருந்தீங்க மிஸ். ஒரே கப்புத்தானே, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு பாரம் எப்படி வரும்? சீனிக்குப் போட்டதையே எல்லாத்துக்கும் போட்டன்."

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் பதில் சொல்லுமுன் கப் நிறையத் தேங்காய்ப்பூவை அள்ளித் தராசில் கொட்டினாள். எண்பத்தொன்று.

"தராசு பிழையா இரிக்கும்."

பிரிக்காத ஒரு கிலோச் சீனிப் பைக்கற்றைத் தூக்கி வைத்தாள். ஆயிரத்து நான்கு. அபுல் ஹஸன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, சின்ன விசயம். அடுத்த தரம் அடிக்கக்குள்ள திருத்துவம். பின்னேரம் முதல் கட்டச் சான்றிதழ் விழா, பெரிய ஆக்கள் வாறாங்க. அங்க ஒண்டும் கதைக்காதீங்க."

"சின்ன விசயமா?" றிஸ்லா புத்தகத்தை மேசையில் அடித்து வைத்தாள். "ஒரு பிள்ளையிட படிப்ப நிப்பாட்டியிரிக்கி சேர், உங்கட சின்ன விசயம்."

விழாவில் நன்றியுரைக்குக் கூப்பிட்டபோது றிஸ்லா நன்றி சொல்லவில்லை. "எல்லாரும் ஆறாம் பக்கத்தத் திறங்க. பேனை எடுத்து நான் செல்லச் செல்ல வெட்டி எழுதுங்க" என்றாள். முன்வரிசை விருந்தினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்கள் குனிந்து அவள் சொல்லச் சொல்ல எழுதினார்கள்.

"அப்ப இந்தக் கணக்க ஆரு மிஸ் போட்ட?" என்று அவர்களில் ஜெமீலா எழும்பிக் கேட்டாள்.

"சேரிட்டக் கேளுங்க."

அபுல் ஹஸன் இருந்த இடத்திலேயே ஏதோ முணுமுணுத்தார்.

"மைக்கில செல்லுங்க சேர், விளங்கல்ல!" பின்னாலிருந்து ஒரு குரல். அவர் எழுந்து வந்து, "நாந்தான் மாத்தின. பிழை என்னில" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மண்டபம் கைதட்டவில்லை. றிஸ்லாவுக்கும் கோபம் தணியவில்லை.

நேரே ஓட்டோ பிடித்துப் பாண்டிருப்புக்குப் போனாள். கேசினியின் மாமி வல்லியம்மை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கேசினியில பிழையில்ல. என்ட பேர் போட்ட புத்தகத்திலதான் பிழை. அந்தக் கேக்க இப்ப திரும்பச் செய்யப்போறம், நீங்க பக்கத்தில நிண்டு பாருங்க."

வல்லியம்மை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்ச ஆக்கள் அடிச்ச புத்தகமெண்டுதானே பிள்ளை நம்பினவள்" என்று கடுகடுத்துவிட்டு விலகி நின்றாள்.

தராசில் மா முந்நூற்றெழுபத்தைந்து கிராம் வந்ததும் கேசினி கையை நிறுத்தினாள். கேக் பஞ்சுபோல் எழும்பியது. வல்லியம்மை இரண்டு துண்டு தின்றுவிட்டு, "வாற கிழமை எத்தனை மணிக்கு வகுப்பு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த நேரம் றிஸ்லாவின் போனுக்கு அபுல் ஹஸனின் தகவல் வந்தது. அடுத்த வகுப்புக்கு வேறு மிஸ் வருவாராம். கன்னம் கொதிக்க அதை இரண்டு தரம் வாசித்தாள். "அவ எழுதித் தாறதிலயாவது கை வைக்காதீங்க" என்று அடித்து அனுப்பிவிட்டு, "வகுப்பு இனி என்ட வீட்டில. மூண்டு மணிக்கு அனுப்புங்க" என்றாள் வல்லியம்மையிடம்.